"உன்னால் முடியும்" என்று ஒட்டியும் மாற்றமில்லை: குரோத் மைண்ட்செட்டை வகுப்பில் எப்படிக் கொண்டுவருவது?

கொழுந்துமலை (கோத்தகிரி):
தேயிலை எஸ்டேட் லைன்ஸில் (தொழிலாளர் குடியிருப்பில்) எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்கு வகுப்பு நடத்துகிறோம். "எனக்குக் கணக்கு வராது" என்பது ஃபிக்ஸட் மைண்ட்செட், "முயன்றால் வரும்" என்பது குரோத் மைண்ட்செட் என்று பயிற்சியில் சொன்னார்கள். சுவரெல்லாம் வாசகம் ஒட்டியாயிற்று. ஆனால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூடக் கஷ்டமான கணக்கு வந்தால் நழுவுகிறார்கள். வித்தியாசம் உண்மையில் எங்கே இருக்கிறது?

கணக்குவாத்தியார் (குன்னூர்):
தன்னம்பிக்கையை வைத்து இதைப் பிரிக்காதீர்கள். ஒரு விடை தப்பானால் பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். "என் மூளை இவ்வளவுதான்" என்று எடுத்துக்கொண்டால் ஃபிக்ஸட். "எந்த வரியில் பிசகியது?" என்று தேடினால் குரோத். கெட்டிக்காரப் பிள்ளைதான் பல சமயம் முதலில் மாட்டும், காப்பாற்ற வேண்டிய பெயர் அதற்குத்தானே இருக்கிறது.

கிளாடியா முல்லரும், இந்த மைண்ட்செட் கருத்தைச் சொன்ன உளவியலாளர் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் சுற்றுப் புதிர்களைப் போட்டதும் சிலரை "புத்திசாலி" என்றும் சிலரை "நன்றாக உழைத்தாய்" என்றும் பாராட்டினார்கள். புத்திசாலி என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்து எளிதானதையே கேட்டார்கள். நடுவில் கடினமான சுற்று ஒன்றைக் கொடுத்துவிட்டு, பழையபடி எளிய சுற்றுக்கு வந்தபோது அவர்கள் மதிப்பெண் முதல் சுற்றைவிட இறங்கியது. உழைப்பைப் பாராட்டக் கேட்டவர்களுக்கு ஏறியது.

வகுப்பில் செய்வது: −3(x−4) என்பதைப் பிள்ளை −3x−12 என்று எழுதுகிறது. "கவனமாப் போடு" என்றால் பயனில்லை, எதைக் கவனிப்பது என்று அதற்குத் தெரியாது. x=5 வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேள்வியில் −3 வரும், அது எழுதியதில் −27. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று தானே கண்டுபிடிக்கும். பிறகு (−3)×(−4) மட்டும் தனியாகப் போடட்டும். "எண்ணை வச்சுச் சரிபார்த்தியே, அது நல்ல வழி" என்று அந்தச் செயலைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்.

தேர்வுத்தாளை முதலில் மார்க் போடாமல் கொடுங்கள். பிசகிய வரியின் கீழ் மட்டும் கோடு. பிள்ளை திருத்தி எழுதிய பிறகு மார்க். ஒரு வாரம் கழித்து அதே வகைக் கணக்கு இரண்டை வேறு எண்களோடு அடுத்த தேர்வில் கலந்துவிடுங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டால் பக்கத்து நோட்டைப் பார்த்துத் திருத்துவதோடு நின்றுவிடும்.

ஊசிமலை டீச்சர் (கூடலூர்):
சார் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. "பரவாயில்லை, முயற்சி பண்ணினியே" என்பது குரோத் மைண்ட்செட் கிடையாது. தப்பான வழியிலேயே பத்துத் தடவை போட்டாலும் தப்புதான் வரும். முயற்சியை மட்டும் புகழ்ந்துவிட்டு வழியை மாற்றாமல் விடுவதை டுவெக்கே 2015இல் கண்டித்திருக்கிறார்.

பலனையும் பெரிதுபடுத்த வேண்டாம். 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள். குரோத் மைண்ட்செட் பற்றி ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சி. படிப்பில் பின்தங்கியவர்களுக்கு, 4 புள்ளிக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி 0.10 ஏறியது. சவாலான பாடத்தை எடுத்துக்கொள்வதற்குச் சகமாணவர்கள் துணையாக இருந்த பள்ளிகளில்தான் பலன் தெரிந்தது. ஒருத்தி போர்டில் தப்பாகப் போட்டதும் மற்றவர்கள் சிரிக்கிற வகுப்பில் எந்த வாசகமும் நிற்காது. முதலில் அந்தச் சிரிப்பை நிறுத்துங்கள்.

இன்னொன்று, எல்லாவற்றையும் மனப்பான்மை என்று பிள்ளை தலையில் கட்டாதீர்கள். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புப் பின்னமே நிற்கவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்காமல் "நம்பு" என்பது அநியாயம்.

கொழுந்துமலை:
நன்றிங்க. பேப்பரையே தொடாமல் "வராது" என்று உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு?

கணக்குவாத்தியார்:
முழுக் கணக்கையும் நீங்களே போட்டு, கடைசி வரியை மட்டும் விட்டுக் கொடுங்கள். அது வந்ததும் அடுத்த கணக்கில் கடைசி இரண்டு வரி, பிறகு மூன்று. எந்த வரியில் நிற்கிறதோ அங்கேதான் உங்கள் பாடம் தொடங்க வேண்டும். பெற்றோரிடமும் சொல்லுங்கள்: கொழுந்து எடுத்துவிட்டு வந்து "எத்தனை மார்க்?" என்று கேட்பதற்குப் பதில், "எந்தக் கணக்கு தப்பாச்சு, இப்போ வருதா, சொல்லிக் காட்டு" என்று கேட்கட்டும். அதற்கு அவர்களுக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை.