கார்ன்வாலா, பிரிட்டனியா, வேல்ஸா? ஜோடியாகப் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: புதுப்பயணி

வணக்கம். நானும் மனைவியும் பர்மிங்காமில் இருக்கிறோம். ஜூன் கடைசியில் ஒரு வாரம் லீவு. கார்ன்வால், வேல்ஸ், பிரான்சின் பிரிட்டனி: வெல்ஷ் போன்ற பழைய செல்டிக் மொழிகள் வழங்கிய இந்தக் கடற்கரைகளில் எதற்குப் போகலாம்? ஓடி ஓடிப் பார்க்க விருப்பமில்லை. உங்கள் மனதில் நின்றதைச் சொல்லுங்கள். கார் இருக்கிறது.

பதில்: அலைவாய்

தம்பி, நாங்கள் லண்டனில் இருந்த காலத்தில் கோடை வந்தாலே மேற்குப் பக்கம்தான் கிளம்புவோம். என் வீட்டுக்காரர் தொலைபேசித் துறையில் இருந்தவர். அதனால் முதலில் கூட்டிப்போனது கார்ன்வாலின் போர்த்கர்னோவுக்கு. 1870-ல் பிரிட்டனைப் பம்பாயோடு இணைத்த கடலடித் தந்திக் கம்பி கரையேறிய இடம் அது. பிற்காலத்தில் கம்பிகள் வந்து சேர்ந்த சின்னக் கட்டடம் மணலுக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. எல்லோரும் கடலில் ஆட, இவர் அதன் சுவரில் கை வைத்து, "நம்ம ஊருக்கு எத்தனை சேதி இந்தக் கரையிலிருந்து போயிருக்கும்!" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த மனிதரை எனக்கு அன்றைக்கு இன்னும் பிடித்துப்போனது.

அப்புறம் பிளிமத்தில் காரோடு கப்பலேறி பிரிட்டனியின் ராஸ்காஃப் துறைமுக ஊருக்கு. அந்தக் கப்பல் போக்குவரத்தைத் தொடங்கியதே அந்த ஊர்ப்பக்கத்துக் காய்கறி விவசாயிகள்தான். 1973-ல் முதல் பயணம். அதற்கு முன்பே, 1828 முதல், ராஸ்காஃப்காரர்கள் இளஞ்சிவப்பு வெங்காயத்தைச் சடையாகப் பின்னி எடுத்துக்கொண்டு பிரிட்டனுக்கு விற்க வந்திருக்கிறார்கள். நாங்களும் ஒரு சரம் வாங்கினோம். காரெல்லாம் வெங்காய வாசம். அதில் வைத்த சாம்பாரை அவர் இப்போதும் சொல்லுவார்.

பிரிட்டனியிலேயே கார்னாக் என்ற ஊரில் கற்கால மக்கள் நட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கற்கள் வரிசையாக நிற்கின்றன. கோடையில் வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். ராஸ்காஃபிலிருந்து அது தூரம், ஒரு வாரத்தில் அவசியமில்லை.

பதில்: மழைக்குருவி

அக்கா சொன்னது சரி, ஆனால் ஜூன் என்றால் என் ஓட்டு வேல்ஸுக்கு! பெம்புரோக்‌ஷரில் ஸ்கோமர் தீவு. அங்கே இருக்கும் பஃபின் என்ற சின்னக் கடற்பறவைகள் ஜூலை முடிவதற்குள் கடலுக்குப் போய்விடும். காலடியிலேயே நடமாடும், மண்ணுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் பாதையை விட்டு இறங்கக் கூடாது. படகுக்கு முன்பதிவு கட்டாயம். பறவை பிடிக்கும் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

புதுப்பயணி

மனைவிக்குப் பறவை பிடிக்கும், எனக்குக் கப்பல்! அக்கா, ராஸ்காஃபில் தங்கினால் நாள் முழுக்கப் போதுமா?

அலைவாய்

தாராளமாக. எதிரே பா தீவு இருக்கிறது, படகில் கால் மணி நேரம். கடல் வற்றியிருக்கும்போது படகு துறைமுகத்துக்குள் வராது. நீண்ட நடைபாலத்தின் கோடி வரை நடந்துபோய் ஏற வேண்டும். அதனால் காலையில் முதல் வேலையாக ஏற்ற வற்ற நேரத்தைப் பாருங்கள். கார்ன்வாலில் செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் என்ற தீவுக்கும் அதே கணக்குதான்: வற்றினால் கல்பாதையில் நடக்கலாம், ஏறினால் படகு. உங்கள் மனைவியிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பறவைதான் என்றால் இந்த ஜூனில் வேல்ஸ். ராஸ்காஃப் செப்டம்பரிலும் நன்றாக இருக்கும்.