ஒன்றரை மார்க்கில் போனது

தயிர்சாதம்:
அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதியவர்களுக்குத் தெரியும், 200 கேள்வி, 300 மார்க், கேள்விக்கு ஒன்றரை. கட் ஆஃபுக்கும் எனக்கும் நடுவில் நின்றது சரியாக அந்த ஒன்றரைதான். அதுவும் விடை தெரிந்த கேள்வி, அவசரத்தில் பக்கத்து வட்டத்தைக் கறுத்துவிட்டேன், ஓஎம்ஆர் தாளில் அழிக்கவா முடியும்? நாலு மாதம் அந்த ஒரு வட்டத்தோடேயே வாழ்ந்தேன். பல் தேய்க்கும்போது, பஸ்ஸில், சொந்தக்காரர் கல்யாணத்தில் "இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்கியா?" என்று கேட்டபோது, எல்லா நேரமும் உள்ளே ஒரே குரல்: ஒரு வட்டம்கூட ஒழுங்காக நிரப்பத் தெரியாத தண்டம்.

கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில் சொந்தப் புத்தகம் வைத்துப் படிக்கும் இடத்தில் தினமும் பக்கத்தில் உட்காரும் ஒருவருக்கும் அந்த முறை போய்விட்டது, என்னைவிட ரொம்பக் குறைவு. ஒரு மத்தியானம் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா வெறித்தபடி இருந்தார். "இன்னிக்கு மூடி வைங்க, வாங்க சாப்பிடலாம்" என்று கூட்டிப்போய்த் தயிர்சாதம் வாங்கிக் கொடுத்தேன். பத்து லட்சம் பேருக்கு மேல் எழுதினாலும் இடம் கொஞ்சம்தானே, நீங்கள் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் பேசினேன். கை கழுவும்போதுதான் உறைத்தது, இதில் ஒரு வார்த்தைகூட எனக்கு நான் சொல்லிக்கொண்டதில்லை.

பழைய மெஸ்காரன்:
தம்பி, இப்படித் தன்னைத்தானே தட்டிக்கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவோம் என்று நினைத்த ஆள் நான். மதுரையில் மெஸ் வைத்து 14 மாதத்தில் மூடினேன். கணக்கில் தப்பு என்னுடையதுதான், அதை இப்போதும் மறுக்கமாட்டேன். ஆனால் திட்டிக்கொண்டே இருந்தேனே தவிர அந்தக் கணக்கு நோட்டை ஒருநாளும் திறக்கவில்லை, பயம். கிறிஸ்டின் நெஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் தன்மேல் தானே காட்டும் இரக்கத்தை மூன்றாகப் பிரிக்கிறார்: தன்னிடம் கனிவு, இது மனிதர் எல்லோருக்கும் நேர்வதுதான் என்ற உணர்வு, வலியை ஊதிப் பெரிதாக்காமலும் ஒளிக்காமலும் பார்ப்பது. எனக்கு அந்த இரண்டாவதைச் சொல்லிக்கொடுத்தவர் பழைய பாத்திரக் கடைக்காரர். கிரைண்டரை விற்கப் போனேன், உள்ளே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கிரைண்டர். "எல்லாம் உங்கள மாதிரி ஆளுங்களோடதுதான் சார், டீ சாப்பிடுறீங்களா?" என்றார். அன்று ராத்திரி நோட்டைத் திறந்தேன்.

மொட்டைமாடி:
எனக்கு விவாகரத்து. தோழிக்குச் சொல்வதுபோல் உனக்கே சொல்லிக்கொள் என்பதெல்லாம் தூக்கம் இருக்கும்போது சரி, மூன்று வாரம் தூங்காதவளுக்கு அது எட்டவில்லை. டெலி மானஸ் என்று அரசு மனநல உதவி எண் இருக்கிறது, 14416, காசு கிடையாது. அட்வைஸ் மழை பொழியும் என்று பயந்துதான் மாடியில் போய்ப் பேசினேன். தமிழிலேயே பேசினார்கள், பெரும்பாலும் கேட்டார்கள். அப்புறம் டாக்டரைப் பார்த்தேன், மாத்திரையும் எடுத்தேன். அதுவும் என்மேல் நான் காட்டிய இரக்கம்தான் என்று இப்போது தோன்றுகிறது. தேவைப்படுகிறவர்கள் கூச்சப்படாதீர்கள்.

தயிர்சாதம்:
எண்ணைக் குறித்துக்கொண்டேன் அக்கா, பக்கத்து இருக்கைக்காரருக்கும் கொடுக்கிறேன். நான் அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டேன், அந்தக் குரல் இன்னும் வருகிறது, ஆனால் நாள் முழுக்க இல்லை. மெஸ்கார அண்ணா, கிரைண்டர் எவ்வளவுக்குப் போச்சு?

பழைய மெஸ்காரன்:
வாங்கினது 32 ஆயிரம், கொடுத்தது 9. டீ மட்டும் இலவசம்.