மறு: மீனின் இதயம் மீள்கிறதா, தழைக்கிறதா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

வெட்டுப்பட்ட உறுப்பு தானே மறுபடி வளர்வதற்கு (regeneration) தமிழில் என்ன சொல் வைப்பது என்று ஒரு வாரமாக ஓடும் இந்த மடல் இழையை நேற்று இரவுதான் ஒரே மூச்சில் படித்தேன். நான் மொழியியல் படித்தவன் அல்லன். பெங்களூரு அல்சூரில் ஞாயிறுதோறும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தமிழில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன், அவ்வளவுதான். பள்ளியில் ஆங்கிலம், விளையாட்டில் கன்னடம், வீட்டில் தமிழ் என்று வளரும் பிள்ளைகள். பலகையில் ஒரு சொல்லை எழுதியதும் அதை வைத்து அவர்கள் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்தச் சொல் அன்றே செத்தது. என் அளவுகோல் அது ஒன்றுதான்.

> பாடநூலில் "இழப்பு மீட்டல்" இருக்கிறது. இருப்பதை விட்டுவிட்டு ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

சென்னை நண்பரின் கேள்வி நியாயமானது. ஆனால் "மீட்டல்" என்றதும் என் வகுப்பில் ஒரு பெண் அடகுக்கடையைச் சொன்னாள். அவள் சொன்னதில் தவறில்லை. வைத்த அதே சங்கிலி கைக்குத் திரும்பினால்தான் மீட்டதாகக் கணக்கு. மீனில் நடப்பது அப்படியா? 2002இல் அமெரிக்காவில் கென்னத் பாஸும் உடன் ஆய்ந்தவர்களும் வரிக்குதிரை மீனின் இதயக் கீழறையில் சுமார் 20 விழுக்காட்டை வெட்டியெடுத்தார்கள். இரத்தம் உறைந்து காயத்தை அடைத்தது. இரண்டு மாதத்தில் அந்த இடத்தில் துடிக்கும் தசையே நிரம்பியது. தழும்பு பெரிதாக ஒன்றுமில்லை. வெட்டிய துண்டு போனது போனதுதான். எதையும் யாரும் மீட்கவில்லை.

(கிளைக் கதை: கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து நீர்நிலைகளில் வாழும் நம் ஊர் மீன் இது. 1822இல் ஹாமில்டன் இதை நூலில் பதிவு செய்தார். வரிகள் தலையிலிருந்து வால்வரை நீளவாக்கில் ஓடுகின்றன, வரிக்குதிரைக்கு இருப்பதுபோலக் குறுக்காக அல்ல. குதிரையை இறக்கிவிட்டு "வரிமீன்" என்றால் என்ன? தனி இழையில் சண்டை போடலாம்.)

> "மீளுருவாக்கம்" எல்லோருக்கும் புரியுமே.

புரியும். ஆனால் சிதைந்த சிலையை மறுபடி செய்வதும் மீளுருவாக்கம், பழைய ஒலிப்பதிவைச் சீர்செய்வதும் மீளுருவாக்கம். என் பெரிய குறை வேறு. "உருவாக்கு" பிறவினை. உருவாக்க ஒருவர் வேண்டும், ஒரு பொருள் வேண்டும். அதனால்தான் "இதயம் தன்னைத்தானே மீளுருவாக்கிக்கொள்கிறது" என்று இழுக்க வேண்டியிருக்கிறது. மீனுக்குள் யாரும் உட்கார்ந்து எதையும் ஆக்கவில்லை. அது நிகழ்கிறது. பல் முளைக்கிறது, முடி வளர்கிறது என்பதுபோல நமக்கு வேண்டியது தன்வினை.

"புத்துயிர்ப்பு" பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். செத்தது எழுந்தால்தான் அது.

இனி என் பரிந்துரை. எங்கள் குடியிருப்புக் காவலர் மண்டியாக்காரர், கரும்புக்காரக் குடும்பம். இந்த மீன் கதையை அவருக்கு அரைகுறைக் கன்னடத்தில் சொன்னேன். "கூளெ மாதிரி" என்றார் சட்டென்று. வெட்டிய கரும்பின் அடிக்கட்டையிலிருந்து, புதுக் கரணை நடாமலே, அடுத்த பயிர் வருவதுதான் கூளெ. நம் ஊரில் அதைத்தானே மறுதாம்பு என்கிறோம்! கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

"இதய மறுதாம்பு" என்று எழுதச் சொல்லவில்லை. தாம்பு என்றால் கிணற்றுக் கயிறும் நினைவுக்கு வரும். அந்த "மறு"வை மட்டும் எடுத்துக்கொண்டு "மறுதழைப்பு" என்கிறேன். வினையாக்கிப் பாருங்கள்: மீனின் இதயம் மறுதழைக்கிறது. மருத்துவர்களோ மனித இதயத்தை மறுதழைப்பிக்கப் பார்க்கிறார்கள். மீன் தானாகச் செய்வதற்குத் தன்வினை, மனிதருக்காக ஆய்வுக்கூடத்தில் முயல்வதற்குப் பிறவினை. ("தழைகிறது" என்று எழுதிவிடாதீர்கள். தழையத் தழையக் கட்டுவது புடவை. ஓர் ஒற்றில் பொருள் மாறிவிடும்.)

> குருத்தணுக்கள் (stem cells, வேறு வகை அணுக்களாக மாறக்கூடிய இளம் அணுக்கள்) இருப்பதால்தானே வளர்கிறது? "குருத்து" என்ற சொல் உள்ளே வர வேண்டாமா?

மாதுங்காவிலிருந்து எழுதிய அம்மாவுக்கு: வரவே கூடாது என்பேன். 2010இல் வெளியான இரண்டு ஆய்வுகள் அதைத்தான் பார்த்தன. புதுத் தசை குருத்தணுக்களிலிருந்து வரவில்லை. எஞ்சியிருந்த தசையணுக்களே பிரிந்து பெருகியிருந்தன. இந்த இடத்தில் என் கரும்பு உவமையும் நொண்டுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மறுதாம்பில் முளைப்பவை கட்டையில் உறங்கிக் கிடந்த மொட்டுகள். இதயத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அணுக்களே மொட்டாகின்றன.

> மீனுக்குத் தழைப்பு, மனிதனுக்குத் தழும்பு என்று பிரித்துவிடலாமா?

அழகான எதுகை, ஆனால் உண்மை அவ்வளவு ஒழுங்காக இல்லை. வெட்டாமல் உறைகுளிரால் காயப்படுத்தினால் வரிக்குதிரை மீனின் இதயத்திலும் முதலில் தழும்பு விழுகிறது. பிறகுதான் மெல்லக் கரைகிறது. மெடாக்கா என்ற ஜப்பானிய மீன் மறுதழைப்பதே இல்லை, தழும்போடு நின்றுவிடுகிறது. மறுபக்கம், பிறந்து ஒரு நாளான எலிக்குட்டியின் இதயம் மறுதழைக்கிறது என்று 2011இல் காட்டினார்கள். ஏழாம் நாளில் அந்தத் திறன் போய்விடுகிறது. ஆகவே சொல்லை மீனோடு கட்டிப்போட வேண்டாம்.

தில்லி நண்பர் சொன்ன "புதுப்பித்தல்" நல்ல சொல்தான், ஆனால் அதை வேறொன்றுக்கு வைத்திருக்க வேண்டும். காயமே படாத மனித இதயத்திலும் பழைய தசையணுக்களுக்குப் பதில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியவை வருகின்றன: இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு 1 விழுக்காடு, முதுமையில் அதில் பாதிக்கும் குறைவு. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கரிமம்-14 என்ற கதிரியக்கக் கரிமத்தை வைத்து 2009இல் இதைக் கணக்கிட்டார்கள். அந்த மெதுவான மாற்றம்தான் புதுப்பித்தல். மாரடைப்பில் போன தசையை அது ஈடுகட்டாது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், மாரடைப்பு வந்த தாத்தாவுக்கு எல்லாம் தானே சரியாகிவிடும் என்று ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லும்.

ஒரு சொல்லுக்கு உங்கள் உதவி வேண்டும். பிரிவதற்கு முன் அந்தத் தசையணு, சுருங்கி விரியும் தன் இழைகளின் அடுக்கைக் கொஞ்சம் கலைத்துக்கொண்டு, தேர்ந்த தொழிலிலிருந்து இளம்பருவ நிலைக்கு ஓரளவு திரும்புகிறது. "பின்னடைவு" என்று எழுதிப் பார்த்தேன்; தேர்தல் செய்தி போல இருக்கிறது. "இளகல்" என்று வைக்கலாமா? மனம் இளகுவது எல்லோருக்கும் தெரியும் என்பதால் பிள்ளைகள் சிரிப்பார்களோ என்று ஒரு தயக்கம். ஞாயிறு காலை பத்து மணிக்கு வகுப்பு. அதற்குள் யாராவது எழுதினால் பலகையில் அதையே போடுகிறேன்.

அன்புடன்,
அல்சூர், பெங்களூரு