மார்ட்டின் சட்டம்: கோயிலுக்கு 200 பேர் கணக்கு எப்படி?

ஹரோவாசி:
பயங்கரவாதத் தாக்குதல் நடந்தால் என்ன செய்வது என்று மக்கள் கூடும் இடங்களை ஆயத்தமாயிருக்கச் சொல்லும் பிரித்தானியாவின் பயங்கரவாத (வளாகப் பாதுகாப்பு) சட்டத்துக்கு, அதாவது மார்ட்டின் சட்டத்துக்கு, 2025 ஏப்ரல் 3இல் அரச ஒப்புதல் கிடைத்துவிட்டது. பாராளுமன்ற விவாதங்களை வாசித்தால், எத்தனை பேர் கூடும் இடத்துக்குச் சட்டம் பொருந்தும், எல்லை 100ஆ, 200ஆ, 300ஆ என்று இழுபறிதான் அதிகம். வெள்ளிக்கிழமைகளில் 60 பேர், சிவராத்திரிக்கு 450 பேர் வருகிற கோயில் எதில் அடங்கும்? தேருக்குத் தெருவில் ஆயிரக்கணக்கில் நிற்பார்களே, அதற்கு? அவசரகாலத் திட்டமிடலுக்கு 2004 சட்டம் ஏற்கெனவே இருக்கும்போது இது எதற்கு?

சட்டப்பிரிவு:
200 என்பது சராசரி இல்லை. அவ்வப்போது 200 பேரோ அதற்கு மேலோ ஒரே நேரத்தில் இருப்பார்கள் என்று எதிர்பார்க்க நியாயம் இருந்தால் போதும். குருக்கள், மடப்பள்ளியில் நிற்பவர்கள், தொண்டர்கள் எல்லாரும் சேர்த்தி. சிவராத்திரி ஒன்றே உங்களை உள்ளே கொண்டுவந்துவிடும். 800 பேரோ அதற்கு மேலோ என்றால் கூடுதல் கடமைகள் உள்ள மேல்நிலை, ஆனால் வழிபாட்டிடங்களுக்கு அது கிடையாது. எவ்வளவு கூட்டம் வந்தாலும் கீழ்நிலைதான். தேர் இதில் வராது. நிகழ்ச்சி என்ற வகைக்கு 800 பேர் இருந்தால் மட்டும் போதாது, டிக்கெட்டோ அழைப்போ பார்த்து உள்ளே விடும் ஏற்பாடும் இருக்கவேண்டும்.

2004 சட்டம் கவுன்சில், பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் போன்ற அமைப்புகளுக்குத்தான் கடமை வைத்தது. மண்டபம் நடத்துபவரை அது தொடவில்லை. 2017இல் 22 பேர் கொல்லப்பட்ட மான்செஸ்டர் அரீனா தாக்குதல் பற்றிய விசாரணை இந்த ஓட்டையை அடைக்கச் சொன்னது. 2023 வரைவில் எல்லை 100. சிறு மண்டபங்களுக்குச் சுமை அதிகம் என்று பாராளுமன்றத்தின் உள்துறைத் தெரிவுக்குழு கண்டித்தது. 2024 மசோதாவில் 200 ஆனது. 300 ஆக்கக் கேட்டவர்கள் தோற்றார்கள். என்னைக் கேட்டால், எண்ணுக்குச் செலவழித்த நேரத்தில் பாதியை நடைமுறைக்குக் கொடுத்திருக்கலாம்.

தீயணைப்புக்காரன்:
கீழ்நிலைக்கு வேண்டிய நடைமுறை நான்கு: வெளியேற்றுவது, உள்ளேயே பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்துவது, கதவடைப்பது, எல்லாருக்கும் அறிவிப்பது. கமராவோ இரும்புத் தூணோ வாங்கச் சட்டம் சொல்லவில்லை. பாதுகாப்புக் கம்பெனிகள் வந்து பயமுறுத்தினால் ஏமாறாதீர்கள்.

பிழைக்கிற இடம் கதவடைப்பு. ஆபத்து வெளியே நிற்கும்போது யாராவது தீ மணியை அடித்தால், சனம் நேரே அந்த ஆபத்தின் முன்னாலேயே போய் நிற்கும். ஆகவே கதவடைப்புக்கு மணி வேண்டாம். பூசை மைக்கில், முன்கூட்டி எழுதிவைத்த இரண்டு வரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசியுங்கள். மைக் பக்கத்தில் நிற்பவருக்கு அது தெரிந்திருக்கவேண்டும், தலைவருக்கு மட்டும் தெரிந்து பயனில்லை. அவசர வழிக்குச் சங்கிலி போடாதீர்கள், தீப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டுவீர்கள். உள்பக்கம் திருகினால் சாவியின்றித் திறக்கிற பூட்டு சரி.

அடுத்தது வாசல். 400 சோடி செருப்பு குவிந்து கிடக்கிற இடத்தில்தான் எல்லாரும் தடக்கி விழுவார்கள். செருப்புத் தட்டைக் கதவிலிருந்து தள்ளி வையுங்கள். பக்கக் கதவு பெரும்பாலும் மடக்குக் கதிரையாலும் வாழைமரத்தாலும் அடைபட்டிருக்கும், திருவிழா நாளில்தான் அதைப் பார்க்கவேண்டும். தீக்குக் கூடுமிடமாகக் கார் நிறுத்துமிடத்தை வைத்திருந்தால், தாக்குதலுக்கு அதே இடம் வேண்டாம். வெளியே வந்தவர்கள் கூடி நிற்காமல் கலைந்து போகட்டும்.

ஹரோவாசி:
நன்றி அண்ணா. எப்போதிலிருந்து? அபராதம்?

சட்டப்பிரிவு:
குறைந்தது 24 மாத அவகாசம் என்று அரசு சொன்னது, ஆக 2027 ஏப்ரலுக்கு முன் இல்லை. மேற்பார்வை எஸ்ஐஏ (பாதுகாப்புத் துறையை ஒழுங்குபடுத்தும் அரச அமைப்பு), அவர்களுக்குப் பொறுப்பாளர் யார் என்று அறிவிக்கவேண்டும். கீழ்நிலையில் அபராதம் அதிகபட்சம் 10,000 பவுண், திருத்தாமல் விட்டால் நாளுக்கு 500 வரை மேலதிகம். மேல்நிலைக்கு 1.8 கோடி பவுண் அல்லது உலகளாவிய வருமானத்தில் 5%, எது கூடவோ அது.

தீயணைப்புக்காரன்:
2027 வரை காத்திருக்கத் தேவையில்லை. பயங்கரவாதத்திலிருந்து காத்துக்கொள்ள ஆலோசனை தரும் புரொடெக்ட்யூகே இணையத்தளத்தில் பயிற்சி இலவசம். அதோடு கடும் இரத்தப்போக்கை நிறுத்தும் முதலுதவிப் பெட்டி ஒன்று வாங்கி, பூட்டிய அலுவலக அறைக்குள் வைக்காமல் மண்டபச் சுவரில் மாட்டுங்கள்.