இன்சுலின் அளவு ஒன்றுதான், காலைச் சீனி மட்டும் ஏன் மாறுகிறது?

மலேசியாவின் செந்தூலிலிருந்து ஒரு மகள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 68 வயது. இனிப்பு நீர் (நீரிழிவு) கண்டு 19 ஆண்டுகள் ஆகின்றன. முன்பு இரவில் கலங்கலான இன்சுலினைப் போட்டு வந்தார். நள்ளிரவில் இரண்டு முறை சீனி இறங்கிப் பயமுறுத்தியதால், நான்கு மாதங்களுக்கு முன் மருத்துவர் அவரை நாள் முழுவதும் சீராக வேலை செய்யும் கிளார்ஜின் என்ற இன்சுலின் பேனாவுக்கு (பேனா வடிவ ஊசிக்கு) மாற்றினார். இரவு பத்து மணிக்கு 22 யூனிட். முதல் மாதம் வெறும் வயிற்றில் லிட்டருக்கு 6, 7 மில்லிமோல் என்று நின்ற இரத்தச் சீனி, இப்போது ஒரு நாள் 5.4 என்றும் மறுநாள் 13.8 என்றும் காட்டுகிறது. சாப்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. இப்படியே போனால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

வேலை முடிந்து நான் வீடு திரும்பவே ஒன்பதரை ஆகிவிடும். அம்மா எப்படி ஊசி போட்டுக்கொள்கிறார் என்பதை இத்தனை நாள் கவனிக்கவில்லை. அது என் தவறுதான். சென்ற வாரம் விடுமுறை எடுத்து அருகில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரே ஊசிமுனையை நான்கைந்து நாள் கழற்றாமல் பேனாவிலேயே விட்டுவைக்கிறார். தொப்புளுக்கு வலப்புறம், எப்போதும் அதே இடத்தில்தான் குத்துகிறார். "அங்கே போட்டால் வலிப்பதில்லை" என்கிறார். குமிழை அழுத்தி முடித்த கணமே ஊசியை எடுத்துவிடுகிறார், தோலின் மேல் ஒரு சொட்டு நிற்கிறது.

புதன்கிழமை இரவு பதினொரு மணிக்கு என் அறைக்கு வந்து, "இன்றைக்கு நான் ஊசி போட்டேனா இல்லையா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அன்று மறுபடி போடாமல் படுக்கச் சொன்னேன். நான் செய்தது சரியா? அளவைக் கூட்டுவதற்கு முன் இவற்றையெல்லாம் திருத்த வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங், மருந்தகப் பணியில் இருப்பவர்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். புதன்கிழமை நீங்கள் எடுத்த முடிவு சரியானது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவருக்கு ஒரு நாள் நீண்டநேர இன்சுலின் விட்டுப்போனால் மறுநாள் சீனி ஏறும்; அதைப் பார்த்துச் சமாளிக்கலாம். தெரியாமல் இரண்டு முறை போட்டுவிட்டாலோ, அந்தக் கூடுதல் அளவு ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் உடலில் இருந்துகொண்டு, தூங்கும் நேரத்திலும் சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே சந்தேகம் வந்தால் மறுபடி போட வேண்டாம். சீனியைப் பார்த்துவிட்டு, காலையில் கிளினிக்கை அழைத்துக் கேளுங்கள். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. இன்சுலின் இல்லாமல் அவர்களால் இருக்க முடியாது என்பதால், அவர்கள் உடனே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

நீங்கள் எழுதியதில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது "அங்கே போட்டால் வலிப்பதில்லை" என்பதுதான். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் குத்தும்போது தோலுக்கு அடியில் கொழுப்பு தடித்து, ரப்பர் போன்ற மேடு உருவாகும். அங்கே வலி குறைவு என்பதால் கை தானாக அந்த இடத்தையே நாடும். அந்த மேட்டிலிருந்து இன்சுலின் ஒரு நாள் மெதுவாகவும் மறுநாள் வேகமாகவும் இரத்தத்தில் கலக்கும். நீங்கள் சொல்லும் 5.4, 13.8 ஏற்ற இறக்கத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். கிளார்ஜின் அமிலத்தன்மையுள்ள தெளிந்த திரவம். தோலுக்கு அடியில் சென்றதும் மிக நுண்ணிய துகள்களாகப் படிந்து, அங்கிருந்து சிறிது சிறிதாகக் கரைவதால்தான் அது ஏறத்தாழ 24 மணி நேரம் நிற்கிறது. படியும் இடம் கெட்டிருந்தால் அந்தச் சீரும் கெடும். இதே காரணத்தால் வேறு எந்த இன்சுலினையும் அதோடு கலக்கவே கூடாது.

அம்மாவைப் படுக்கவைத்து, விரல்களால் வயிற்றை மெதுவாக அழுத்தித் தடவிப் பாருங்கள். மேடு இருந்தால் அங்கே இனிக் குத்த வேண்டாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: கெட்ட இடத்திலிருந்து நல்ல இடத்துக்கு மாறும்போது அதே 22 யூனிட் முழுமையாக வேலை செய்து சீனியைத் திடீரென்று இறக்கிவிடலாம். இடத்தை மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் முதலில் அளவைக் குறைக்கத்தான் சொல்வார்.

மற்றவை எளிதாகத் திருந்தக்கூடியவை. ஒவ்வொரு முறையும் புதிய ஊசிமுனை, போட்டு முடித்ததும் கழற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் காற்று உள்ளே போகும், மருந்து கசியும், துளை அடைத்துக்கொள்ளும். 4 மில்லிமீட்டர் ஊசிமுனையே பெரும்பாலோருக்குப் போதும். போடும் முன் 2 யூனிட் திருப்பி, ஊசியை மேல்நோக்கிப் பிடித்து அழுத்தி, முனையில் சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். குத்தியபின் குமிழை விடாமல் அழுத்திக்கொண்டு மெதுவாகப் பத்து வரை எண்ண வேண்டும். இவை ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் செறிவுள்ள கிளார்ஜினுக்கான எண்கள். 300 யூனிட் செறிவுள்ள பேனாவில் சோதனைக்கு 3 யூனிட், எண்ணுவது ஐந்து வரை. எனவே கையில் இருப்பது எது என்று பெட்டியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதன்கிழமை போட்டாரா இல்லையா என்பதைப் பேனாவையே கேட்கலாம். 100 யூனிட் செறிவுள்ள பேனாவில் மருந்து மொத்தம் 300 யூனிட். ஒரே தடவையில் 80 வரை திருப்பலாம் என்றாலும், மீதி அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த எண்ணிலேயே குமிழ் நின்றுவிடும். பேனாவைத் தொடங்கிய தேதி தெரிந்தால் கணக்குப் போடுங்கள். பார்த்தபின் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட மறக்காதீர்கள்.

பிறை, அப்பாவைக் கவனிக்கும் மகன்:

வணக்கம் அக்கா. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்கு இரண்டு பேனாக்கள்: சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமான இன்சுலின் 8 யூனிட், இரவில் நீண்டநேர இன்சுலின் 26. இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்திருந்தோம். ஓர் இரவு விளக்குப் போடாமல் எடுத்து, வேகமான இன்சுலினை 26 யூனிட் போட்டுவிட்டார். குமிழின் நிறம் வேறாக இருந்ததைத் தற்செயலாக அவரே கவனித்துச் சொன்னார். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். விடியும்வரை குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவர் கவனிக்காமல் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. இப்போது வேகமானது சமையலறையில், நீண்டநேரப் பேனா படுக்கையறையில். அதில் தடித்த ரப்பர் வளையம் சுற்றியிருக்கிறோம், இருட்டிலும் விரலுக்குத் தெரியும்.

சீனி 4.0க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சாக்லேட் அந்த நேரத்துக்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சீனியைத் தாமதப்படுத்தும். மயங்கிவிட்டவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 999க்கு அழைக்க வேண்டும்.

வெப்பத்தையும் பாருங்கள். திறக்காத பேனா குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும், உறையக்கூடாது. பயன்பாட்டில் உள்ள கிளார்ஜின் பேனா 30 பாகையைத் தாண்டாத இடத்தில், வெளியே 28 நாள் வரை. நம் ஊர் மதிய வெயிலில் காரிலோ மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியிலோ விட்டால் அது மருந்தே இல்லை.

செந்தூல் மகள், பத்து நாள் கழித்து:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முதலில் கணக்கு. பேனாவை நான்தான் திறந்து கொடுத்தேன், தேதி நினைவிருந்தது. பன்னிரண்டு இரவுகள் கழிந்திருந்தன. அம்மா சோதனைச் சொட்டு பார்ப்பதே இல்லை என்பதால் 264 போய் 36 மீதி இருக்க வேண்டும். குமிழ் 58இல் நின்றது. சரியாக ஓர் இரவின் 22 யூனிட் அப்படியே இருந்தது. புதன்கிழமை அம்மா போடவில்லை.

வயிற்றின் வலப்புறம் இரண்டு விரல் அகலத்துக்கு மேடு இருந்தது. மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, அளவைக் கூட்டாமல் 18ஆகக் குறைத்து, இடப்புற வயிற்றுக்கும் தொடைக்கும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். இந்த வாரம் காலைச் சீனி 7.9, 7.2, 6.8, 7.5. வெள்ளிக்கிழமை விரதத்தையும் அவரிடம் சொல்லிவிட்டேன். அதற்குத் தனியாக ஆலோசனை தந்தார்.

ஊசி போட்டதும் நாள்காட்டித் தாளில் ஒரு கோடு போடுகிறார் அம்மா. பத்து வரை எண்ணும்போது அவசரப்பட்டுவிடுகிறார் என்பதால், குமிழை அழுத்தியபடி "சரவணபவ" என்று நிதானமாக நான்கு முறை சொல்லச் சொன்னேன். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், பன்னிரண்டு வினாடி ஆகிறது. தோலின் மேல் இப்போது சொட்டு நிற்பதில்லை.