அல்ஸ்டர் ஆம்ஸ்ட்ராங்குகள்: நாடு கடத்தப்பட்டவர்களா, பிழைக்கப் போனவர்களா?

எல்லைக்கல்:
ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையில், லிடெல்ஸ்டேல் பள்ளத்தாக்கில் மாடுகளைக் கொள்ளையடித்தே வாழ்ந்த குடி ஆம்ஸ்ட்ராங். 1603-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து முடிகள் ஒன்றானதும் மன்னர் ஜேம்ஸ் அவர்களை வட அயர்லாந்தில், அல்ஸ்டர் மாகாணத்து ஃபெர்மனாவுக்கு நாடு கடத்தினார். அங்கே இன்றும் அந்தப் பெயர் மலிந்து கிடப்பதே சாட்சி.

சுவடிப்பெட்டி:
இன்னொரு எல்லைக் குடியான கிரஹாம்களின் கதையைத் தூக்கி ஆம்ஸ்ட்ராங்குகள் தலையில் கட்டாதீர்கள். ஆணை போட்டுக் கப்பலேற்றப்பட்டவர்கள் எஸ்க் ஆற்றங்கரைக் கிரஹாம்கள்: 1605-இல் நெதர்லாந்துக் கோட்டைகளில் காவல் படைக்கு, 1606-இல் ரோஸ்காமனுக்கு. ரோஸ்காமன் இருப்பது கொனாட் மாகாணத்தில், அல்ஸ்டரில் அல்ல. பலர் திரும்பியும் வந்துவிட்டார்கள். மன்னரின் அல்ஸ்டர் குடியேற்றத்தில், ஃபெர்மனாவில் ஸ்காட்டியருக்கு ஒதுக்கிய நிலம் நாக்னினி, மகெராபாய் வட்டங்களில். ஆம்ஸ்ட்ராங், எலியட், ஜான்ஸ்டன் போன்ற எல்லைக் குடிகள் எல்லாம் பெரும்பாலும் குத்தகைக்கு வந்தவர்கள்.

எல்லைக்கல்:
குத்தகை என்றால் விரும்பிப் போனதாகிவிடுமா? லிடெல்ஸ்டேலில் ஆம்ஸ்ட்ராங் தலைவர்களின் மாங்கர்டன் நிலம் பக்லூவின் ஸ்காட் குடும்பத்தார் கைக்குப் போனபின் அங்கே என்ன மிச்சம்?

சுவடிப்பெட்டி:
நெருக்கடி இருந்தது, மறுக்கவில்லை. நாடு கடத்தல் ஆணை வேறு.

மரபுக்கண்ணி:
இருவருமே எல்லா ஆம்ஸ்ட்ராங்கும் ஒரே வேர் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். தலைவன் பெயரைக் குடியானவனும் வைத்துக்கொண்டான். அல்ஸ்டரில் ட்ரேனர் என்ற, கேலிக் மொழி பேசிய அயர்லாந்துக் குடும்பத்தார் சிலரும் ஆம்ஸ்ட்ராங் ஆனார்கள். ஆண்வழி ஒய் மரபணுவைப் பார்க்காமல் தீராது. அந்த மரபணுவில் 12 அடையாளக் குறிகளை மட்டும் ஒப்பிடும் சோதனை வீண். வேறு பெயர்க்காரர்கள் கூட்டமாகப் பொருந்துவார்கள். 37 குறிகளில் தொடங்கி, பொருந்தியவரோடு 111 குறிகள் வரை போகவேண்டும்.

எல்லைக்கல்:
1972-இல் ஆம்ஸ்ட்ராங் குடியின் பூர்வீகப் பகுதியிலுள்ள லாங்ஹோம் ஊர் நீல் ஆம்ஸ்ட்ராங்குக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்ததே?

சுவடிப்பெட்டி:
அது மாலை மரியாதை, வம்சாவளிச் சான்றிதழ் அல்ல. 1530-இல் கார்லன்ரிக்கில் தூக்கிலிடப்பட்ட எல்லைக் கொள்ளைத் தலைவன் ஜானி ஆம்ஸ்ட்ராங்கிலிருந்து தொடங்கி வம்சத்தைக் கீழ்நோக்கித் தேடுபவர்கள் எல்லோரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். இன்றிலிருந்து பின்னோக்கிப் போகவேண்டும். அயர்லாந்தில் 1845 முதல் பிராட்டஸ்டன்ட் திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும் உண்டு. அதற்கு முன்னால் போக ஊர்ப்பெயர் கட்டாயம். ஸ்காட்டியர் என்பதால் அவர்களின் வழக்கமான பிரெஸ்பிட்டீரியன் சபை ஏடுகளில் தேடி ஏமாறாதீர்கள். ஃபெர்மனாவின் எல்லைக் குடிகளில் பெரும்பாலோர் ஆங்கிலிக்கன் சபையான அயர்லாந்துத் திருச்சபையில் சேர்ந்தவர்கள். அந்த ஏடுகளில் பெரும்பகுதி 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகத் தீயில் எரிந்தது. தப்பியவற்றின் நகல்களை பெல்ஃபாஸ்ட் காப்பகத்தில் பாருங்கள். ஆயுதம் ஏந்தத்தக்க ஆண்களைக் கணக்கெடுத்த 1630 வாக்கிலான அல்ஸ்டர் படைப்பட்டியலில் பண்ணைவாரியாகப் பெயரும், எதிரே வாள், ஈட்டி என்று ஆயுதமும் இருக்கும். தகப்பன் பெயர் இராது. அதை வைத்து யாரையும் ஜானியோடு முடிச்சுப் போட முடியாது.

எல்லைக்கல்:
பட்டியலில் இல்லாததாலேயே விரட்டப்படவில்லை என்றும் ஆகாது.