மாடியில் நானே செய்த சோலார் ஹீட்டர்: மதியம் கொதிக்கிறது, காலையில் பச்சைத் தண்ணீர்

கேள்வி (மலைக்காட்டுக்காரன்):
தாளவாடிப் பக்கம் எங்கள் வீடு. மார்கழியில் காலை நேரம் குழாயில் கை வைக்க முடியாது. அம்மா இத்தனை வருடமாக வாசலில் அண்டா வைத்து விறகு எரித்துத்தான் வெந்நீர் காய வைக்கிறார், அந்தப் புகையில் இப்போது இருமல் நிற்பதே இல்லை, அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன். 2 சதுர மீட்டர் பெட்டி, உள்ளே அரை அங்குல காப்பர் குழாய் பத்து, கறுப்பு பெயிண்ட், மேலே கண்ணாடி. மோட்டார் கிடையாது. தொட்டி 100 லிட்டர் ஸ்டீல், சுற்றிச் சாக்கு கட்டியிருக்கிறேன். மதியம் 3 மணிக்கு நல்ல கொதி, காலை 6 மணிக்குத் திறந்தால் பச்சைத் தண்ணீர். பெட்டியை இன்னும் பெரிதாக்க வேண்டுமா?

ஈரோடு பிளம்பர்:
பெட்டியைத் தொடாதீங்க. தொட்டியின் அடி, பெட்டியின் மேல் விளிம்பை விட எவ்வளவு உயரம்?

மலைக்காட்டுக்காரன்:
உயரமே இல்லை அண்ணா. பக்கத்திலேயே, செங்கல் இரண்டு வரி அடுக்கி அதன் மேல் வைத்திருக்கிறேன்.

ஈரோடு பிளம்பர்:
அதுதான். பகலில் சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறுகிற மாதிரி, ராத்திரி பெட்டிக்குள் இருக்கிற தண்ணீர் குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்கும், அந்த இடத்துக்குத் தொட்டியில் இருக்கிற சூட்டுத் தண்ணீர் வரும், விடிய விடிய இப்படியே சுற்றினால் உங்கள் பெட்டி வானத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். தொட்டியின் அடி குறைந்தது ஒரு அடியாவது பெட்டிக்கு மேலே இருக்க வேண்டும். தொட்டிக்குப் போகிற குழாய் ஏற்றமாகவே போகட்டும், நடுவில் ஒரு இடம் மேடாகிப் பிறகு தாழ்ந்தாலும் காற்று அடைத்துக்கொள்ளும். இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்க: சாயங்காலம் கீழ்க் குழாயில் இருக்கிற வால்வை மூடிவிட்டு காலையில் பாருங்க. மேலே காற்றுப் போகிற குழாயை மட்டும் மூடவே கூடாது.

கோவை வாசி:
அண்ணன் சொன்னதோடு சாக்கையும் கழற்றி எறியுங்கள். 100 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 50க்குக் கொண்டுவர கரண்ட் கணக்கில் சொன்னால் சுமார் 3.5 யூனிட் சூடு வேண்டும். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 5 யூனிட் அளவுக்கு விழுகிறது, அதில் பாதி கிடைத்தாலும் உங்கள் பெட்டி 5 யூனிட் தரும். ஆக சூடு வருகிறது, தங்கத்தான் மாட்டேன் என்கிறது. தொட்டியைச் சுற்றி 3 அங்குல கிளாஸ் வுல் (கண்ணாடி இழைப் பஞ்சு), அதன் மேல் மழை இறங்காமல் தகரம். இதைச் செய்தால் ராத்திரியில் சில டிகிரிதான் குறையும். பெட்டிக்குள் மட்டும் தெர்மோகோல் வேண்டாம், தண்ணீர் ஓடாமல் நின்றுவிட்ட ஒரு நாள் வெயில் போதும், உருகிவிடும். அப்புறம், சாதாரண வெள்ளை பிவிசி குழாய் போட்டிருந்தால் உடனே மாற்றுங்கள், அந்தச் சூட்டில் அது இளகித் தொங்கும், வெந்நீருக்கென்றே வருகிற சிபிவிசி குழாய் தாங்கும். போர் தண்ணீர் என்றால் காப்பரில் உப்புப் படியும், வருடம் ஒரு முறை கழுவ வசதியாக அடியில் ஒரு வடிகால் குழாய் வையுங்கள்.

சரிவு எவ்வளவு வைத்தீர்கள்? உங்களுக்கு வெந்நீர் வேண்டியது குளிர்காலத்தில், அதனால் தெற்கு பார்த்து 25 டிகிரி அளவில் இருக்கட்டும். படுக்கையாக வைத்தால் டிசம்பர் வெயில் வீணாகும்.

சொட்டுநீர்:
இவ்வளவு செலவு முடியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தோட்டத்தில் மிஞ்சிய 16 மில்லி கறுப்புக் குழாய், ஓட்டை போடாதது, 100 மீட்டரைச் சுருளாக்கித் தகரத்தில் கிடத்தினால் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். சாயங்காலம் பாத்திரம் கழுவ, கால் கழுவப் போதும். குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள். முதலில் வருவது சுடும், குழந்தைகள் கிட்டே வேண்டாம்.

மலைக்காட்டுக்காரன்:
வால்வை மூடிப் பார்த்தேன். காலையில் வெதுவெதுப்பு இருந்தது, முன்பு அது கூட இல்லை. அப்படியென்றால் இரண்டும்தான் காரணம். கிளாஸ் வுல் வாங்கிவிட்டேன். தொட்டியை உயர்த்தத்தான் யோசனை, தண்ணீரோடு 130 கிலோ வருமே, தளம் தாங்குமா?

ஈரோடு பிளம்பர்:
தளத்தின் நடுவில் வைக்காதீங்க. கீழே சுவர் வருகிற இடத்தைப் பார்த்து அதன் மேல் ஸ்டாண்டின் கால்கள் வருகிற மாதிரி அமையுங்க. வைத்த பிறகு ஒரு போட்டோ போடுங்க, குழாய் ஏற்றத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.